நியூயார்க் நகரில் கைதானவர் பற்றிய பதிவைத் தேடுவது எப்படி

அமெரிக்காவில் ஒருவர் கைதானால் அவருடைய முகப்படம் சில மணி நேரத்தில் இணையத்துக்கு வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஃப்ளோரிடாவிலும் டெக்சஸின் பல கவுன்டிகளிலும் அது ஏறக்குறைய உண்மைதான். நியூயார்க் நகரத்தில் அப்படி இல்லை. இங்கே போலீஸ் கைதானவர்களின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் போடுவதில்லை. படத்தைக் கொடுப்பதற்கு மாநிலச் சட்டமே குறுக்கே நிற்கிறது. ஆனால் வழக்கு கோர்ட்டில் எண் பெற்றுவிட்டால், என்ன பிரிவு, யார் வக்கீல், அடுத்த வாய்தா என்றைக்கு என்பதையெல்லாம் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். ஆகவே இந்த ஊரில் தேட வேண்டிய இடம் காவல் நிலையம் அல்ல, நீதிமன்றம். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் பணம் கேட்கும் தனியார் தளங்களில் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில், கைது நடந்த இடம் நியூயார்க் நகரத்துக்குள்தானா என்று உறுதி செய்யுங்கள். நம்மவர்கள் 'நியூயார்க்கில் இருக்கிறான்' என்று சொல்லும்போது பாதிப் பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்சி சிட்டியிலோ எடிசனிலோதான் இருப்பார்கள். அது நியூஜெர்சி, சட்டம், கோர்ட், சிறை, தேடும் தளம் எல்லாமே வேறு. கிழக்கே லாங் ஐலண்டில் இருக்கும் நாசோ கவுன்டியும் நகரத்துக்கு வெளியேதான். ஆனால் ஜே.எஃப்.கே., லகார்டியா ஆகிய இரண்டு விமான நிலையங்களும் குயின்ஸுக்குள் இருப்பதால், அங்கே உள்ளூர்க் குற்றத்துக்குப் பிடிபட்டவரின் வழக்கு குயின்ஸ் கோர்ட்டுக்கு வரும். நூவார்க் விமான நிலையம் என்றால் மறுபடியும் நியூஜெர்சி.

நகரத்துக்குள் ஐந்து பகுதிகள், ஐந்து கவுன்டிகள். தேடும் பக்கங்கள் கவுன்டிப் பெயரைத்தான் காட்டும். மன்ஹாட்டன் என்பது அங்கே 'நியூயார்க் கவுன்டி', புரூக்ளின் 'கிங்ஸ்', ஸ்டேட்டன் ஐலண்ட் 'ரிச்மண்ட்'. குயின்ஸுக்கும் பிராங்ஸுக்கும் மட்டும் பெயர் மாறாது. 'நியூயார்க்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் நகரம் முழுவதும் வந்துவிடும் என்று நினைத்து, புரூக்ளின் வழக்கை மன்ஹாட்டனில் தேடிக்கொண்டிருப்பது வழக்கமாக நடக்கும் கோளாறு.

பெயரில்தான் பாதி சிக்கல்

இந்தத் தேடல்கள் எல்லாமே குடும்பப் பெயர், முதல் பெயர் என்ற இரண்டு பெட்டிகளை நம்பியவை. தமிழருக்கு அங்கேதான் சங்கடம். கைதின்போது போலீஸ் எழுதுவது கையிலிருக்கும் அடையாள அட்டையில் என்ன இருக்கிறதோ அதை. பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' இடம் காலியாக இருந்தவர்களுக்கு அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயர் இடத்தில் ஏறி, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்ற மூன்றெழுத்து வந்திருக்கும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமத்திலும் அப்படியே போயிருந்தால் கோர்ட் பதிவிலும் அவர் அந்த மூன்றெழுத்துக்காரராகத்தான் இருப்பார். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டால் வராது.

ஆகவே தேடுவதற்கு முன் ஒரு தாளில் எல்லா வடிவங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். சொந்தப் பெயர் முன்னும் அப்பா பெயர் பின்னும், பிறகு இரண்டையும் மாற்றிப் போட்டு, பிறகு எஃப்.என்.யூ. சேர்த்து; இரண்டு சொல்லாக இருக்கும் பெயரைச் சேர்த்தும் பிரித்தும். கார்த்திக் என்றால் 'டி'க்குப் பக்கத்தில் 'எச்' உண்டா இல்லையா, கடைசியில் 'கே'யா 'சி'யா. சுப்பிரமணியன் என்றால் 'பி' ஒன்றா இரண்டா, இறுதியில் 'என்' உண்டா இல்லையா. இன்ஷியலை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். அங்கே இன்ஷியல் என்ற வழக்கத்துக்கு இடமே இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டல் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்திலிருந்தோ அமெரிக்க உரிமத்தின் நகலிலிருந்தோ வந்ததாக இருக்கட்டும். வாட்ஸாப்பில் வந்த பெயரை நம்ப வேண்டாம். பிறந்த தேதியும் கையில் இருக்க வேண்டும். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள் என்பதால், 5.8 என்பது மே 8 ஆகிவிடும்.

முதல் 24 மணி நேரம்

எந்த நேரத்தில் ஆள் எங்கே இருப்பார் என்று தெரிந்தால்தான் எங்கே கேட்பது என்று தெரியும். கைதானவரை முதலில் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவார்கள். கைரேகை, படம், பெயர் விவரம் எல்லாம் பதிவாகும். பிறகு அந்தக் கவுன்டியின் சென்ட்ரல் புக்கிங், அதாவது முதல் ஆஜர் வரை ஆளை வைத்திருக்கும் இடம். அங்கிருந்து நீதிபதி முன் முதல் ஆஜர். அதற்கு அரெய்ன்மென்ட் என்று பெயர். கைதானதிலிருந்து ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் இது நடக்க வேண்டும் என்று மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. தாமதமானால் என்ன காரணம் என்று கேட்க வக்கீலுக்கு உரிமை உண்டு.

இந்த இடைவெளியில் இணையத்தில் எதுவும் இருக்காது. பதறி ஒவ்வொரு தளமாகத் திறந்து பார்ப்பதால் பயனில்லை. செய்ய வேண்டியது, கைதான இடத்துக்குரிய காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசுவது. நகரத்தின் 311 எண்ணில் கேட்டால் எந்த நிலையம் என்று சொல்வார்கள் (இந்தியாவிலிருந்து கூப்பிட்டால் 311 வேலை செய்யாது, அந்த நிலையத்தின் முழு எண்ணை நகரப் போலீஸின் தளத்தில் பாருங்கள்). பெயர், பிறந்த தேதி சொல்லி மூன்றே கேள்வி கேளுங்கள்: ஆள் இன்னும் அங்கே இருக்கிறாரா, சென்ட்ரல் புக்கிங் போய்விட்டாரா; கைது எண் என்ன; டி.ஏ.டி. என்ற கோர்ட் சீட்டு கொடுத்து அனுப்பப் போகிறார்களா. என்ன நடந்தது என்று விளக்கம் கேட்டு வாதாட வேண்டாம். மறுமுனையில் இருப்பவர் வழக்கைப் பற்றிப் பேச மாட்டார், அவர் பேசக்கூடாது. நீங்களும் கைதானவர் சார்பில் கதை சொல்லக் கூடாது. சொன்னது வழக்கில் போய் நிற்கலாம்.

கைது எண்ணின் முதல் எழுத்து பகுதியைச் சொல்லிவிடும். 'எம்' மன்ஹாட்டன், 'கே' புரூக்ளின், 'க்யூ' குயின்ஸ், 'பி' பிராங்ஸ், 'எஸ்' ஸ்டேட்டன் ஐலண்ட். அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. இந்த எண்ணைப் பத்திரமாக வையுங்கள். பெயரில் ஆயிரம் குழப்பம் இருந்தாலும் எண்ணில் இருக்காது.

டி.ஏ.டி. என்பது சீட்டு. சிறு குற்றங்களுக்கு ஆளைக் காவலில் வைக்காமல், இன்ன தேதியில் கோர்ட்டுக்கு வா என்று எழுதிக் கொடுத்து அனுப்புவது. 2020இல் வந்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அந்தத் தேதி பொதுவாக 20 நாளுக்குள் இருக்க வேண்டும். சீட்டு வாங்கியவரும் கைதானவர்தான், கைரேகையும் படமும் எடுத்திருப்பார்கள். ஆனால் அவரைச் சிறைத் தேடலில் தேடினால் கிடைக்கவே மாட்டார், அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

முதல் ஆஜர் பெரிய பகுதிகளில் காலை 9 மணி தொடங்கி இரவு 1 மணி வரை நடக்கும், சனி ஞாயிறு உட்பட. கோர்ட் எல்லோருக்கும் திறந்தது; அடையாள அட்டை கேட்க மாட்டார்கள், பாதுகாப்புச் சோதனை மட்டும் உண்டு. மன்ஹாட்டனுக்கு 100 சென்டர் தெரு, புரூக்ளினுக்கு 120 ஷெர்மர்ஹார்ன் தெரு, குயின்ஸுக்கு கியூ கார்டன்ஸில் 125-01 குயின்ஸ் புலவார்டு, பிராங்ஸுக்கு 215 கிழக்கு 161ஆம் தெரு, ஸ்டேட்டன் ஐலண்டுக்கு 26 சென்ட்ரல் அவென்யூ. உள்ளே போனை எடுத்துப் படம் பிடித்தால் போன் போய்விடும். நேரில் உட்கார்ந்து கேட்பதைவிட நம்பகமான 'கைதுப் பதிவு' வேறு கிடையாது: அரசு வக்கீல் குற்றச்சாட்டைச் சொல்வார், இவர் பக்க வக்கீல் பதில் சொல்வார், நீதிபதி விடுவிக்கிறாரா ஜாமீன் கேட்கிறாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் கோர்ட் இலவசமாகத் தரும், ஆனால் முன்கூட்டிக் கேட்க வேண்டும். நள்ளிரவில் தமிழ் ஆள் உடனே கிடைப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வெப்கிரிம்ஸில் தேடுவது

வழக்குக்கு எண் விழுந்த பிறகு எல்லோரும் போக வேண்டிய இடம் வெப்கிரிம்ஸ். மாநில நீதிமன்றங்களின் சொந்தத் தளத்தில் 'ஈகோர்ட்ஸ்' பகுதிக்குள் இருக்கிறது. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டாம், நீங்கள் ரோபோ அல்ல என்று மட்டும் நிரூபிக்க வேண்டும். 'டாட் கவ்' என்று முடியும் மாநில நீதிமன்றத் தளத்தின் வழியாகவே அதற்குள் போங்கள். கூகுளில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் 'பதிவு கிடைத்துவிட்டது, பார்க்கப் பணம் கட்டவும்' என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும். எந்தப் பெயரைப் போட்டாலும் அவற்றுக்கு 'கிடைத்துவிடும்'.

வழக்கு எண் தெரிந்தால் அதை வைத்தே தேடுங்கள். கீழ்நிலை கிரிமினல் கோர்ட்டின் டாக்கெட் எண் 'சி.ஆர்.' என்று தொடங்கும். நடுவில் ஆறு இலக்கம், பிறகு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், ஒட்டினாற்போல் கவுன்டியின் இரண்டெழுத்து. மன்ஹாட்டனுக்கு என்.ஒய்., புரூக்ளினுக்கு கே.என்., குயின்ஸுக்கு க்யூ.என்., பிராங்ஸுக்கு பி.எக்ஸ்., ஸ்டேட்டன் ஐலண்டுக்கு ஆர்.ஐ. இடைக்கோடுகளை விட்டால் சில சமயம் 'இல்லை' என்று வரும். எண் இல்லையென்றால் பெயரால் தேடுங்கள், குடும்பப் பெயர் முதலில். ஒரே பெயரில் பலர் வந்தால், வழக்குப் பக்கத்தைத் திறந்து பிறந்த ஆண்டையும் கைது தேதியையும் ஒப்பிடுங்கள். பட்டேல், குமார், சிங் போன்ற பெயர்களில் இதைச் செய்யாமல் முடிவுக்கு வருவது இன்னொருவர் தலையில் வழக்கைக் கட்டுவதாகும்.

வழக்குப் பக்கத்தில் முதலில் குற்றப்பிரிவைப் பாருங்கள். 'பி.எல்.' என்பது மாநிலத் தண்டனைச் சட்டம். பி.எல். 155.25 என்றால் சிறு திருட்டு, கடையில் பொருளை எடுத்துக்கொண்டு வெளியேறுவது பெரும்பாலும் இதில் விழும். 1,000 டாலருக்கு மேல் மதிப்பு என்றால் 155.30 ஆகி ஃபெலனி, அதாவது பெருங்குற்றமாகும். 120.00 என்றால் மூன்றாம் நிலைத் தாக்குதல். 'வி.டி.எல்.' என்பது வாகனப் போக்குவரத்துச் சட்டம், அதில் 1192 என்றால் குடித்துவிட்டோ போதையிலோ வண்டி ஓட்டியது. எழுத்துகளில் 'எம்' இருந்தால் சிறுகுற்றம், 'எஃப்' இருந்தால் ஃபெலனி. அதற்கு முன்னால் இருக்கும் ஏ, பி, சி, டி, இ தரத்தைச் சொல்லும், 'ஏ'தான் கனமானது. முதல் நாளில் தெரியும் பிரிவு கடைசி வரை நிற்கும் என்று எண்ண வேண்டாம். போலீஸ் எழுதிய பிரிவை அரசு வக்கீல் குறைப்பதும் கூட்டுவதும் அன்றாட வேலை.

அடுத்தது ஆஜர் வரிசை. 'ஆர்.ஓ.ஆர்.' என்றால் ஜாமீன் இல்லாமல் சொந்தப் பொறுப்பில் விட்டுவிட்டார்கள். 'ஏ.சி.டி.' என்றால் வழக்கைத் தள்ளி வைத்து, பொதுவாக ஆறு மாதம் பிரச்சினை இல்லாமல் இருந்தால் தள்ளுபடி செய்வது. குடும்பத் தகராறு வழக்கில் ஓராண்டு. வராந்தாவில் வக்கீல்கள் '180.80' என்று எண்ணாலேயே பேசுவார்கள்: பெருங்குற்றப் புகாரில் காவலில் வைத்த ஆளை 120 மணி நேரத்துக்குள், நடுவே சனி ஞாயிறோ விடுமுறையோ வந்தால் 144 மணி நேரத்துக்குள், கிராண்ட் ஜூரியின் (வழக்குத் தொடர ஆதாரம் போதுமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) முடிவோ விசாரணையோ இல்லாமல் தொடர்ந்து வைத்திருக்க முடியாது என்ற விதி அது. உள்ளே இருப்பவரின் குடும்பம் நாள் எண்ண வேண்டியது இதை வைத்துத்தான்.

வெப்கிரிம்ஸில் ஆள் கிடைக்காததற்குக் காரணங்கள் பல. முதல் ஆஜர் இன்னும் நடக்கவில்லை. டி.ஏ.டி. தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பெயர் வேறு மாதிரி ஏறியிருக்கிறது. அரசு வக்கீல் வழக்குப் போடவே மறுத்துவிட்டார். ஆள் 18 வயதுக்குக் கீழ், குடும்ப நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. வழக்கு முடிந்துவிட்டது, இந்தத் தளம் எதிர்காலத் தேதி உள்ள நடப்பு வழக்கை மட்டுமே காட்டும், போன மாதம் தெரிந்த வழக்கு இன்று காணாமல் போவதற்கு இதுதான் காரணம். கடைசியாக, கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டினால் வழக்கு மேல்தளமான சுப்ரீம் கோர்ட்டுக்கு மாறி, 'ஐ.என்.டி.' என்று தொடங்கும் புது எண் வாங்கிக்கொள்ளும். பழைய எண்ணில் வாய்தா நின்றுவிடும். இங்கே சுப்ரீம் கோர்ட் என்பது விசாரணை நீதிமன்றம்தான், டெல்லியில் இருப்பதைப் போன்றதல்ல. அதே தளத்தில் 'ஈட்ராக்' என்ற சேவையில் வழக்கைப் பதிந்து வைத்தால் தேதி மாறும்போது மின்னஞ்சல் வரும். சென்னையிலிருந்து தினமும் தளத்தைத் திறந்து பார்க்கும் பெற்றோருக்கு அது போதும்.

புகார் மனுவின் நகல் வேண்டுமென்றால் அதே கோர்ட்டின் கிளார்க் அலுவலகத்தில் டாக்கெட் எண் கொடுத்துக் கேட்கலாம். பெரும்பாலும் சில பக்கம்தான் இருக்கும். யார், எங்கே, எப்போது, எந்தப் போலீஸ்காரர் சத்தியம் செய்து சொன்னார் என்பது அதில் இருக்கும். பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை மறைத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

உள்ளே இருக்கிறாரா?

ஜாமீன் கட்ட முடியாமலோ ஜாமீன் மறுக்கப்பட்டோ இருந்தால் ஆள் நகரச் சிறைத் துறையிடம், பெரும்பாலும் ரைக்கர்ஸ் தீவுக்குப் போவார். சிறைத் துறையின் தேடுபக்கத்தில் பெயராலோ, பத்து இலக்க புக் அண்ட் கேஸ் எண்ணாலோ, நைசிட் எண்ணாலோ தேடலாம். நைசிட் என்பது கைரேகையோடு ஒட்டிய மாநில எண், ஒருவருக்கு வாழ்நாளுக்கும் ஒன்றே. எந்தக் கட்டடத்தில் இருக்கிறார், ஜாமீன் எவ்வளவு, அடுத்த கோர்ட் தேதி எப்போது என்பது தெரியும். முதல் ஆஜர் முடிந்த கையோடு பெயர் ஏறாது. அடுத்த நாள் வரை பொறுங்கள். 2020க்குப் பிறகு சிறுகுற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கும் வன்முறையில்லாத பல ஃபெலனிகளுக்கும் பண ஜாமீன் கேட்க முடியாது. ஆகவே சிறைத் தேடலில் பெயர் இல்லை என்பதற்கு, கைதே இல்லை என்று பொருளல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'உங்கள் மகன் நியூயார்க்கில் கைதாகிவிட்டான், ஒரு மணி நேரத்தில் ஜாமீன் பணம் அனுப்புங்கள்' என்று தமிழ்நாட்டுக்கே அழைப்பு வரும். கோர்ட்டோ போலீஸோ கிஃப்ட் கார்டிலும் கிரிப்டோவிலும் பணம் வாங்குவதில்லை. கைது எண்ணைக் கேளுங்கள், எந்தக் கவுன்டி என்று கேளுங்கள், பிறகு போனை வைத்துவிட்டு மகனின் எண்ணுக்கும் அந்தக் காவல் நிலையத்துக்கும் நீங்களே கூப்பிடுங்கள். ஜாமீன் கட்டுவது கோர்ட்டின் காசாளரிடமோ சிறைத் துறையிடமோ அவர்களுடைய இணையவழியிலோதான்.

படம்

நியூயார்க் மாநிலத்தின் தகவல் பெறும் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. கைதுப் படத்தை வெளியிடுவது தனியுரிமை மீறல் என்று அதில் எழுதினார்கள். சட்ட அமலாக்கத்துக்குக் குறிப்பான தேவை இருந்தால் மட்டும் விதிவிலக்கு. தலைமறைவானவரைப் பிடிக்கப் பொதுமக்கள் உதவி தேவை என்பது போன்ற காரணம் அது. ஆகவே மனுப் போட்டு இன்னொருவரின் படத்தைக் கேட்டால் மறுப்புக் கடிதம்தான் வரும். நகரச் சிறையின் தேடுபக்கத்திலும் படம் இல்லை. அமெரிக்க அரசின் மார்ஷல் துறையும் பொதுவாகப் படம் தருவதில்லை. டெட்ராய்ட் பத்திரிகை ஒன்று தொடுத்த வழக்கில், 2016இல் ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கைதானவர்களுக்கும் அந்தப் படத்தில் தனியுரிமை உண்டு என்று தன் பழைய தீர்ப்பையே மாற்றியது.

அப்படியானால் பத்திரிகையில் வரும் படங்கள்? காவல் நிலைய வாசலில் கைவிலங்கோடு காருக்கு நடத்திப் போகும்போது புகைப்படக்காரர்கள் எடுத்தவை பல. இதற்கு 'பெர்ப் வாக்' என்று பெயர். படத்துக்காகவே ஆளை வெளியே கொண்டுவந்து நடத்தி மறுபடி உள்ளே கொண்டுபோவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2000இல் இரண்டாம் வட்ட நீதிமன்றம் சொன்னது. உண்மையாகவே இடம் மாற்றும்போது எடுப்பதை அது தடுக்கவில்லை. வேறு சில, தேடப்படும்போது போலீஸே வெளியிட்ட படங்கள், கேமராப் பதிவுகள். பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் இரண்டாம், மூன்றாம் நிலையில் இருப்பவர்களின் படம் மட்டும் மாநிலத்தின் தளத்திலேயே உண்டு. ஆனால் அவர்கள் தண்டனை பெற்றவர்கள், வெறும் கைதானவர்கள் அல்ல. இவற்றைத் தவிர 'நியூயார்க் மக்ஷாட்' (கைதுப் படம்) என்று ஒரு தளம் காட்டினால் அது வேறு மாநிலத்துப் படமாகவோ சமூக வலைதளத்திலிருந்து உருவிய படமாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். படத்தை எடுத்துவிடப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்; ஒரு தளத்துக்குக் கொடுத்தால் இன்னொன்றில் முளைக்கும்.

முடிந்த வழக்குகள், போலீஸ் அறிக்கைகள்

பழைய தண்டனைகளைப் பார்க்க மாநில நீதிமன்ற நிர்வாக அலுவலகத்தின் குற்ற வரலாற்றுத் தேடல் இருக்கிறது. மாநிலம் முழுவதும் ஒரே தேடலில் பார்க்கலாம். கட்டணம் 95 டாலர். பெயரும் பிறந்த தேதியும் அச்சு அசலாகப் பொருந்த வேண்டும்; பெயரின் ஒவ்வொரு வேறு வடிவத்துக்கும் தனியாக 95 டாலர். எஃப்.என்.யூ. சிக்கல் உள்ளவரைத் தேடினால் பை காலியாகும், அதனால் சரியான வடிவத்தை முதலில் வெப்கிரிம்ஸிலோ பழைய கோர்ட் தாளிலோ கண்டுபிடித்துவிட்டு இதற்கு வாருங்கள். ஒரே ஒரு வழக்கின் முடிவு மட்டும் வேண்டுமானால் இது தேவையே இல்லை. அந்தக் கவுன்டி கிரிமினல் கோர்ட் கிளார்க்கிடம் 10 டாலருக்கு 'டிஸ்பொசிஷன் சான்றிதழ்' வாங்கலாம், முத்திரையோடு தருவார்கள். விசா, வேலை, குடியுரிமை எல்லாவற்றுக்கும் கேட்பது இந்தத் தாளைத்தான்.

தள்ளுபடியான, விடுதலையான வழக்குகள் எதிலும் வராது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 160.50இன்படி அவை சீல் வைக்கப்படும். கைரேகையையும் படத்தையும் அழிக்கவோ திருப்பித் தரவோ வேண்டும். கஞ்சா வைத்திருந்த பல பழைய தண்டனைகள் 2021 சட்டத்தால் நீக்கப்பட்டன. 2024 நவம்பர் 16இல் அமலுக்கு வந்த 'கிளீன் ஸ்லேட்' சட்டத்தில், தண்டனைக்குப் பின் சிறுகுற்றத்துக்கு மூன்று ஆண்டும், பெருங்குற்றத்துக்கு எட்டு ஆண்டும் சுத்தமாகக் கழிந்தால் பதிவு தானாகவே சீலாகும். பாலியல் குற்றங்களுக்கும் மிகக் கொடிய குற்றங்களுக்கும் இது கிடையாது. பழைய கணக்கை முடிக்க நீதிமன்றங்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதனால் இன்று தெரியும் ஒரு பதிவு அடுத்த ஆண்டு தெரியாமல் போகலாம்.

போலீஸ் எழுதிய கைது அறிக்கையே வேண்டுமென்றால் 'ஃபாயில்' என்று சுருக்கமாகச் சொல்லும் தகவல் பெறும் மனுதான் வழி, நம்மூர் ஆர்.டி.ஐ. மாதிரி. நகரத்தின் 'ஓப்பன் ரெக்கார்ட்ஸ்' தளத்தில் போலீஸ் துறையைத் தேர்ந்து, கைது எண், தேதி, காவல் நிலையம், பெயர் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். 'இவரைப் பற்றி உள்ள எல்லாம்' என்று எழுதினால் மனு நிற்காது. எந்த ஆவணம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஐந்து வேலை நாளில் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வரும். உண்மையான பதில் வர மாதங்கள் ஆகும். தாள் நகலுக்குப் பக்கத்துக்கு 25 சென்ட். வழக்கு நடந்துகொண்டிருந்தால் விசாரணைக்கு இடையூறு என்று மறுப்பார்கள். சீலான வழக்கென்றால் அதையே காரணம் காட்டுவார்கள். மறுப்பு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், அதற்குப் பத்து வேலை நாளில் பதில் தர வேண்டும். அதுவும் மறுக்கப்பட்டால் நான்கு மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போகலாம். உங்கள் சொந்தக் கைது பற்றிய அறிக்கை என்றால் நோட்டரி கையெழுத்தோடு அடையாளத்தை இணைத்தால் கதவு சற்று அகலமாகத் திறக்கும்.

பெயர் தேவையில்லை, எந்தத் தெருவில் எத்தனை கைது என்ற கணக்குதான் வேண்டும் என்றால் மனுவே வேண்டாம். நகரத்தின் ஓப்பன் டேட்டா தளத்தில் 2006 முதலான ஒவ்வொரு கைதும் ஒரு வரியாக இருக்கிறது: தேதி, பிரிவு, காவல் நிலையம், இடம், வயதுக் குழு, பாலினம், இனம். பத்திரிகையாளர்கள் தோண்ட வேண்டிய சுரங்கம் அது.

ஃபெடரல் வழக்கு, குடியேற்றக் காவல்

எஃப்.பி.ஐ. போன்ற ஃபெடரல், அதாவது அமெரிக்க மத்திய அரசின், அமைப்புகள் பிடித்தால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. வழக்கு மன்ஹாட்டனில் 500 பேர்ல் தெருவிலோ புரூக்ளினில் 225 கேட்மன் பிளாசா கிழக்கிலோ நடக்கும். ஆவணங்கள் ஃபெடரல் நீதிமன்றங்களின் 'பேசர்' தளத்தில். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் கட்ட வேண்டாம். ஆள் புரூக்ளின் எம்.டி.சி. சிறையில் இருக்கிறாரா என்பதை ஃபெடரல் சிறைத் துறையின் தேடலில் பார்க்கலாம். குடியேற்றத் துறை பிடித்திருந்தால் 'ஐஸ்' அமைப்பின் காவல் தேடல்: குடியேற்றத் துறை தந்த ஒன்பது இலக்க 'ஏ' எண்ணும் பிறந்த நாடும் இருந்தால் உடனே வரும், பெயரால் தேடினால் ஓர் எழுத்து தவறினாலும் வராது. பிறந்த நாட்டுப் பெட்டியில் இன்றைய குடியுரிமையைப் போடக் கூடாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவரை இலங்கையில்தான் தேட வேண்டும்.

வெளிநாட்டவர் கைதானால் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு. இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு அவர்கள் கேட்டால்தான் சொல்வார்கள். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்குக் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். இந்தியத் துணைத் தூதரகம் மன்ஹாட்டனில் 3 கிழக்கு 64ஆம் தெருவில் இருக்கிறது.

கிடைத்ததை வைத்து என்ன செய்யலாம்

செய்தி எழுதவும் உறவினருக்கு உதவவும் தடையில்லை. வேலைக்கு எடுக்கும்போது நிலைமை வேறு. வெளி நிறுவனத்திடம் பின்னணிச் சோதனை செய்யச் சொன்னால் விண்ணப்பதாரரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். நகரச் சட்டப்படி, வேலை தருகிறோம் என்று சொன்ன பிறகுதான் குற்றப் பதிவைக் கேட்கவே முடியும். தள்ளுபடியான கைதைப் பற்றி எந்தக் கட்டத்திலும் கேட்கக் கூடாது. 2025 ஜனவரி 1 முதல் வீட்டு உரிமையாளர்களுக்கும் இதே போன்ற கட்டுப்பாடு வந்திருக்கிறது.

பதிவு உங்களுடையதாக இருந்து அதில் பிழை இருந்தால், மாநில குற்றவியல் நீதிச் சேவைத் துறையிடம் கைரேகை கொடுத்து உங்கள் முழு வரலாற்றுத் தாளை வாங்கி வரி வரியாகப் பாருங்கள். சீலாக வேண்டிய வழக்கு திறந்தே கிடந்தால் டிஸ்பொசிஷன் சான்றிதழை இணைத்துத் திருத்தக் கேளுங்கள். தனியார் சோதனை நிறுவனத்தின் அறிக்கையில் பிழை என்றால் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் ஆட்சேபம் அனுப்ப வேண்டும். 30 நாளுக்குள் அவர்கள் விசாரித்தாக வேண்டும். தண்டனை இல்லாமல் முடிந்த கைதை அறிக்கையில் போடவே நியூயார்க் சட்டம் அவர்களை அனுமதிக்கவில்லை, வழக்கு நடந்துகொண்டிருந்தால் மட்டும் போடலாம். ஆட்சேபக் கடிதத்தில் அந்தப் பிரிவின் எண்ணை, பொது வணிகச் சட்டம் 380-ஜே என்று எழுதிவிடுங்கள். வெறுமனே 'இது தவறு' என்று எழுதுவதைவிட வேகமாக வேலை நடக்கும்.